ஹங்கர் கேம்ஸ்: நூலிலும் திரையிலும் – கேள்வி பதில்

சூசன் காலின்ஸ் எழுதிய மூன்று நூல்கள் 2008 முதல் 2010 வரை வெளிவந்தன. அவற்றிலிருந்து 2012 முதல் 2015 வரை நான்கு படங்கள் எடுக்கப்பட்டன. பனெம் என்னும் நாட்டின் பன்னிரண்டு மாவட்டங்களும் ஆண்டுதோறும் ஒரு சிறுவனையும் ஒரு சிறுமியையும் குலுக்கலில் தேர்ந்தெடுத்துத் தலைநகரான கேப்பிடலுக்கு அனுப்ப வேண்டும். அந்த இருபத்து நால்வரில் ஒருவர் மிஞ்சும்வரை நடக்கும் கொலைப் போட்டி நாடெங்கும் தொலைக்காட்சியில் ஒளிபரப்பாகும். இவ்வளவு தெரிந்தால் கீழே உள்ளவற்றைத் தொடரலாம். வசூல் கணக்கும் நடிகர்களின் சொந்த வாழ்க்கையும் என் துறை அல்ல.

கேள்வி (கல்லூரி மாணவி): நூல் படமானபோது நேர்ந்த பெரிய இழப்பு எது?

தாகம். நூல் முழுவதையும் நாயகி கேட்னிஸே தன் வாயால், நிகழ்காலத்தில் சொல்கிறாள் என்பதால், அவள் ஊகிப்பதற்கு மேல் நமக்கு எதுவும் தெரியாது. போட்டிக் களத்தில் தண்ணீரின்றி நாக்கு வறண்டு கிடக்கும்போது, எங்கோ ஒரு கேமரா தன்னைப் பார்க்கிறது என்ற நம்பிக்கையில், வழிகாட்டியான ஹேமிட்சிடம் அவள் தண்ணீர் கேட்கிறாள். எதுவும் வருவதில்லை. குடித்துவிட்டுக் கிடக்கிறானோ, வேண்டுமென்றே தண்டிக்கிறானோ என்றெல்லாம் மனம் அலைந்தபின், அவன் அனுப்பாததே ஒரு செய்தி என்று அவளுக்கு உறைக்கிறது: தண்ணீர் மிக அருகில் இருக்கிறது. சற்று நேரத்தில் கை சேற்றில் படுகிறது, பிறகு குளம் தெரிகிறது. படத்திலோ ஹேமிட்ச் பாராசூட்டில் துண்டுச்சீட்டு வைத்து அனுப்புகிறான். குகையில் அவள் தன் மாவட்டத்திலிருந்தே வந்த சக போட்டியாளன் பீட்டாவுக்கு முத்தம் கொடுத்தபின் வரும் சூப்போடு, இதற்குப் பெயர் முத்தமா என்று கேட்கும் சீட்டும் வருகிறது. நூலில் அந்தச் சூப்பு மட்டுமே வருகிறது. ஒரு முத்தத்தின் விலை ஒரு பாத்திரம் சூப்பு என்ற கணக்கை அவளே போட்டுக்கொள்கிறாள். தன்னைப் பார்ப்பவர்களின் மனத்தைப் படிக்கத் தெரிந்த பெண் திரையில் கட்டளையைப் பின்பற்றும் பெண்ணாகிவிடுகிறாள் என்பதே என் குறை. அவள் நடிக்கிறாளா, நேசிக்கிறாளா என்று அவளுக்கே தெரியாத அந்தக் குழப்பம் நூலின் முதுகெலும்பு. படத்தில் அது ஒரு சாயலாகவே நிற்கிறது.

ஆகவே என் வழக்கமான எச்சரிக்கை: படம் பார்த்தாயிற்று என்று முதல் நூலைத் தாண்டி இரண்டாவதற்குப் போகாதீர்கள்.

கேள்வி (திரைக்கதை பயில்பவர்): படத்தினால் கிடைத்த ஆதாயம் எதுவுமே இல்லையா?

உண்டு, அதுவும் பெரியது. கேட்னிஸின் கண்ணுக்கு எட்டாத கட்டுப்பாட்டு அறையைப் படம் காட்டுகிறது. வெள்ளை உடை அணிந்தவர்கள் திரையைத் தொட்டுக் காட்டில் தீ மூட்டுவதும், விலங்குகளை உருவாக்கி அனுப்புவதும் அலுவலக வேலைபோல் நடக்கின்றன. போட்டியின் தலைமை வடிவமைப்பாளன் செனெகா கிரேனைப் பூட்டிய அறையில் ஒரு கிண்ணம் நிறைய நச்சுப்பழங்களோடு விட்டுவிடும் காட்சி நூலில் இல்லை. ஒரு சொல்கூட இல்லாமல் ஒரு தண்டனையை முழுதாகச் சொல்லிவிடும் காட்சி அது. முதல் படத்தின் திரைக்கதையில் காலின்ஸுக்கும் பங்கு உண்டு என்பதையும் சேர்த்தே சொல்ல வேண்டும்.

கேள்வி: இது ஜப்பானிய 'பேட்டில் ராயல்' கதையின் நகல்தானே?

தன் நூலை எழுதி முடித்துக் கொடுக்கும்வரை அதைப் பற்றிக் கேள்விப்பட்டதில்லை என்று காலின்ஸ் சொல்லியிருக்கிறார். இதற்கு மேல் இதில் பேச ஒன்றுமில்லை.

கேள்வி: கேட்னிஸ் யாரைத் தேர்ந்தெடுக்கிறாள், பீட்டாவையா, வேட்டைத் தோழன் கேலையா?

மூன்றாம் நூலைப் படியுங்கள்.

கேள்வி (பள்ளி ஆசிரியர்): கேட்னிஸ் அணியும் மாக்கிங்ஜே பறவைப் பதக்கத்தை யார் கொடுத்தால் என்ன? ரசிகர்கள் ஏன் இவ்வளவு சண்டை போடுகிறார்கள்?

இந்தச் சண்டையில் நானும் ஒரு கட்சி என்பதை முதலிலேயே ஒப்புக்கொள்கிறேன். நூலில் அதைக் கொடுப்பவள் மேயரின் மகள் மேட்ஜ். குலுக்கல் நாளன்று ஸ்ட்ராபெர்ரி விற்க வரும் கேல் அவள் உடையில் இருக்கும் அந்தப் பதக்கத்தைப் பார்க்கிறான். அசல் தங்கம், ஒரு குடும்பத்துக்குப் பல மாதம் ரொட்டி போடக்கூடியது. சில மணி நேரத்தில் அதே பதக்கம் கேட்னிஸின் உடையில் ஏறுகிறது. படத்தில் மேட்ஜே இல்லை. கள்ளச்சந்தையில் ஒரு மூதாட்டி அதைக் கேட்னிஸுக்குச் சும்மா கொடுக்கிறாள், அவள் அதைத் தங்கை பிரிம்முக்குக் கொடுக்க, விடைபெறும் நேரத்தில் தங்கை திருப்பித் தருகிறாள்.

மறுப்பு (அதே ஆசிரியர்): தங்கையிடமிருந்து திரும்பி வருவதுதானே நெஞ்சைத் தொடுகிறது? மேட்ஜ் பின்னால் குண்டுவீச்சில் இறந்துபோகும் ஒரு சிறு பாத்திரம்.

நெஞ்சைத் தொடுகிறது என்பதை மறுக்கவில்லை. இரண்டரை மணி நேரத்துக்குள் முடிய வேண்டிய படத்துக்கு அது சிக்கனமான தீர்வும்கூட. ஆனால் நூலில் அந்தப் பதக்கம் வசதியுள்ள வீட்டிலிருந்து சுரங்கத் தொழிலாளியின் வீட்டுக்கு வருகிறது. அது மேட்ஜின் தாயுடைய சகோதரி மேசிலி டானருடையது. ஐம்பதாவது போட்டியில் ஹேமிட்சோடு களத்துக்குப் போய் அங்கேயே இறந்தவள் அவள். மேயர் வீட்டுக்கும் ஒரு சாவு உண்டு என்பதை அந்தச் சிறு தங்கம் சொல்கிறது. திரையில் அது யாருடைய துக்கத்தையும் சுமக்காத பொருள்.

மறுப்பு (மற்றொருவர்): பார்வையாளருக்கு இந்த வரலாறு தேவையே இல்லை.

2015 வரை அப்படிச் சொல்லித் தப்பித்திருக்கலாம். 2025இல் வந்த 'சன்ரைஸ் ஆன் த ரீப்பிங்' நூல் அந்த ஐம்பதாவது போட்டியைத்தான் சொல்கிறது; அதன் படம் 2026 நவம்பருக்கு அறிவிக்கப்பட்டது. மேசிலியின் பதக்கம் கள்ளச்சந்தைக் குப்பைக்குள் எப்படிப் போய்ச் சேர்ந்தது என்று இனிமேல் யாராவது விளக்கியாக வேண்டும். அன்று ஒரு பாத்திரத்தை மிச்சம் பிடித்ததற்கு வட்டி இப்போது ஏறுகிறது.

கேள்வி (ஒரு பெற்றோர்): என் மகளுக்கு வயது பன்னிரண்டு. படம் பார்க்கலாமா?

பிரிட்டனில் பன்னிரண்டு வயதினருக்கான சான்றிதழுக்காக முதல் படத்தில் ஏழு வினாடிகளை நீக்கினார்கள். ரத்தத் தெறிப்பை அழித்தார்கள். நூலில் அந்தச் சலுகை இல்லை: இறுதியில் வரும் ஓநாய் போன்ற விலங்குகளுக்கு இறந்த போட்டியாளர்களின் கண்கள் இருக்கும், பீட்டா ஒரு காலையே இழப்பான். படத்தில் அந்தக் கண்களும் இல்லை, அவன் காலும் பத்திரமாக இருக்கிறது. மகளோடு உட்கார்ந்து பாருங்கள். பிறகு முதல் நூலைக் கொடுங்கள், இரண்டாவதை அல்ல.

கேள்வி: கடைசி நூலை இரண்டு படங்களாக உடைத்தது சரியா?

இல்லை. ஹாரி பாட்டரும் ட்விலைட்டும் போட்ட பாதை அது. இயக்குநர் பிரான்சிஸ் லாரன்ஸே பின்னர் வருத்தம் தெரிவித்தார். 2023இல் வந்த முன்கதையை நீளமான ஒரே படமாக முடித்தார். 'டைவர்ஜென்ட்' வரிசையிலும் கடைசி நூலை உடைத்தார்கள். 2016இல் முதல் பாதி வந்ததோடு சரி, மறுபாதி வரவேயில்லை.

கேள்வி: பீட்டாவா, கேலா என்று ஒரே சொல்லில் சொல்லக்கூடாதா?

கூடாது.

கேள்வி (இதழியல் மாணவர்): தாய்லாந்தில் மூன்று விரல் வணக்கத்துக்குக் கைது செய்தார்களாமே, அது இந்தக் கதையிலிருந்து வந்ததா?

ஆம். 2014 ராணுவ ஆட்சிக் கவிழ்ப்புக்குப் பின் அங்கே எதிர்ப்பாளர்கள் அதைக் கையில் எடுத்தார்கள், மாணவர்கள் பிடித்துச் செல்லப்பட்டார்கள். 2021இல் மியான்மரிலும் அது தெருவுக்கு வந்தது. நூலில் அது மாவட்டம் 12இன் பழைய வழக்கம், எப்போதாவது இழவு வீட்டில் காணக்கூடியது. நன்றி, மதிப்பு, நேசித்தவருக்கு விடை என்று மூன்று பொருளையும் கேட்னிஸ் சொல்லித் தருகிறாள். முதல் நூலில் ரூ என்னும் சிறுமி இறந்தபின் அவளுடைய மாவட்டமான 11 செய்வது ஒன்றுதான்: வறுமையிலும் காசு சேர்த்துக் கேட்னிஸுக்கு ஒரு ரொட்டி அனுப்புகிறது. படத்தில் அவள் கேமராவைப் பார்த்து மூன்று விரல்களை உயர்த்துகிறாள், 11இன் கூட்டம் பதிலுக்கு உயர்த்துகிறது, அடுத்த கணம் கலவரம் வெடிக்கிறது. அந்த ரொட்டி போனதில் எனக்கு இன்றும் ஆற்றாமை உண்டு. ஆயினும் ரொட்டியைத் தெருவில் உயர்த்திக் காட்ட முடியாது. முதல் நூலில் துக்கமாக இருந்த சைகையை முதல் படமே கலகமாக்கிவிட்டது, பாங்காக்கில் உயர்ந்த கைகள் அந்தப் படங்களிலிருந்து வந்தவை.

பதக்கம் பற்றி இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் ஆசிரியருக்குத் தனியாகப் பதில் எழுதுகிறேன். பீட்டாவா, கேலா என்று மறுபடியும் கேட்டிருக்கும் மூவருக்கும் பதில் மேலே இருக்கிறது.