படித்துப் பக்குவப்பட்ட ஒருவரால் உணர்ச்சிகளை அறிவால் வெல்ல முடியுமா?

முடியாது என்பதே என் எண்ணம். அதற்காக அறிவு பயனற்றது என்று நான் சொல்லமாட்டேன். இந்தக் கேள்வியை மிகத் துணிச்சலாக எதிர்கொண்டவர் 18ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த ஸ்காட்லாந்துத் தத்துவ அறிஞர் டேவிட் ஹியூம். 1739-40இல் வெளிவந்த தம் முதல் நூலிலேயே, அறிவு உணர்ச்சிகளுக்கு அடிமை என்றும் அது அவ்வாறு இருப்பதே முறை என்றும் அவர் எழுதிவிட்டார்.

மனம்போன போக்கில் வாழ்வதற்கு அவர் கொடுத்த அனுமதி என்று இதைப் புரிந்துகொள்வோர் உண்டு, அது தவறு. உண்மை எது, பொய் எது என்று அறிவு காட்டும். விரும்பியதை அடைவதற்கு வழியும் சொல்லும். ஆனால் எதை விரும்ப வேண்டும் என்று அது தனித்து நின்று ஆணையிடாது. சுவையானது என்று நம்பி ஒரு பழத்துக்கு ஆசைப்படுகிறவருக்கு, அது சுவையற்றது என்று தெரிந்தவுடன் ஆசை தானாகவே அடங்கிவிடும். அறிவு அங்கே ஆசையோடு போரிடுவதில்லை, அந்த ஆசைக்கு அடிப்படையாக இருந்த பிழையான நம்பிக்கையைத்தான் நீக்குகிறது. கோபத்தை அடக்கிக்கொண்ட ஒருவரைப் பார்த்து அறிவு வென்றது என்று நாம் பாராட்டும்போதும், ஹியூமின் கருத்துப்படி, வென்றது பெரும்பாலும் இன்னோர் உணர்ச்சியே. உயிர்மேல் உள்ள பற்று, பிள்ளைகளிடம் உள்ள பரிவு போன்றவை ஆரவாரமின்றி உள்ளே இயங்குவதால், அவற்றை நாம் உணர்ச்சி என்றே கண்டுகொள்வதில்லை.

இந்தக் கருத்துக்குச் சிறந்த சான்று ஹியூமின் வாழ்க்கையிலேயே இருக்கிறது. நூல்களுக்காகத் துரத்தப்பட்டு, தங்க இடமில்லாமல் அலைந்த, ஜெனீவாவில் பிறந்த சிந்தனையாளர் ரூசோவை அவர் 1766 ஜனவரியில் இங்கிலாந்துக்கு அழைத்துவந்தார். மன்னரிடமிருந்து உதவித்தொகை பெற்றுத்தரவும் முயன்றார். இதற்கிடையே, பிரஷ்ய மன்னர் எழுதியதுபோல ரூசோவைக் கேலி செய்யும் ஒரு கடிதம் லண்டன் பத்திரிகையில் வெளியானது. அதை எழுதியவர் ஆங்கில எழுத்தாளர் ஹோரஸ் வால்போல். ரூசோவோ ஹியூமைச் சந்தேகித்தார். தம்மை அவமானப்படுத்தவே இங்கே அழைத்துவந்ததாக ஜூலையில் ஹியூமுக்கே நீண்ட கடிதம் எழுதினார். சந்தேகம் ஒருமுறை புகுந்துவிட்ட மனத்தில், ஹியூமின் பார்வையும் மௌனமும்கூட அந்தக் கடிதத்தில் குற்றச்சாட்டுகளாக மாறியிருந்தன. ரூசோவின் அறிவுக்கூர்மை அங்கே மங்கிவிடவில்லை. அது முழுவதும் அச்சத்துக்குப் பணிசெய்தது.

எனக்கு இதைவிட வியப்பளிப்பது ஹியூம் நடந்துகொண்ட விதம். நிதானத்துக்கும் நகைச்சுவைக்கும் பெயர்போன அந்த மனிதர், நண்பர்களுக்கு எழுதிய கடிதங்களில் ரூசோவைக் கடுஞ்சொற்களால் ஏசினார். அப்போது பிரான்சில் இருந்த அவருடைய நண்பர், பொருளியல் அறிஞர் ஆடம் ஸ்மித், இதைப் பற்றி எதையும் அச்சிட வேண்டாம் என்று தெளிவாக அறிவுறுத்தினார். ஆனாலும் அந்த ஆண்டு முடிவதற்குள் இருவரின் கடிதங்களும் ஹியூமின் விளக்கத்தோடு அச்சாகிவிட்டன. ரூசோ தம் வாழ்க்கைக் குறிப்புகளை எழுதுகிறார், அவற்றில் தம் பெயர் களங்கப்படும் என்பது ஹியூமின் கவலை. அது பொருளற்ற கவலை என்றும் சொல்ல முடியாது. காரணங்கள் சரியாகவே அடுக்கப்பட்டிருந்தன. எந்தப் பக்கம் போவது என்பது மட்டும் முன்பே முடிவாகியிருந்தது.

ஸ்மித்தால் மட்டும் எப்படி நிதானமாகச் சொல்ல முடிந்தது? அவர் ஹியூமைவிடப் பெரிய அறிவாளி என்பதால் அன்று. அந்தச் சண்டையில் காயம்பட்டது அவருடைய பெயர் அன்று என்பதால்தான். ஆகவே, உணர்ச்சிக்கு எதிரான அறிவைத் தனி மனிதனுக்குள் தேடுவதைவிட மனிதர்களுக்கு இடையே தேடுவதுதான் பொருத்தம் என்று நினைக்கிறேன். நான் கொதித்துக்கொண்டிருக்கும்போது, அதே செய்தியில் கொதிப்பில்லாத ஒருவர் என் காரணங்களைப் புரட்டிப் பார்க்க முடியும். அவர் சொல்வதை நான் ஏற்பேனா என்பது வேறு. ஏற்பதற்கும் எனக்குள் ஓர் உணர்ச்சி வேண்டும்: அவர்மேல் மதிப்போ, பின்னால் வெட்கப்பட நேருமோ என்ற தயக்கமோ. ஸ்மித்மீது ஹியூமுக்கு மிகுந்த மதிப்பு இருந்தது. ஆனால் அப்போது அது போதவில்லை.

இறப்பதற்குச் சில மாதங்கள் முன்பு, 1776 ஏப்ரலில், ஹியூம் தம் வாழ்க்கையைச் சில பக்கங்களில் எழுதினார். தம்மை ஆண்ட உணர்ச்சி எழுத்துப் புகழின் மேலிருந்த ஆசையே என்று அதில் ஒப்புக்கொள்ளும் அவர், எத்தனை ஏமாற்றங்கள் வந்தபோதும் அது தம் சுபாவத்தைக் கசப்பாக்கியதே இல்லை என்கிறார். 1766இல் நடந்ததை அறிந்த என்னால் அதன் முதல் பாதியை மட்டுமே நம்ப முடிகிறது.