அந்த 12ஆம் தேதி எங்கே போனது?

கேள்வி: தபால் துறையில் 34 வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றவள் நான். வெளிநாட்டுக் கடிதங்களில் இருந்த ஸ்டாம்புகளைப் பார்த்துப் பார்த்தே, உலகத்தை ஒரு சுற்றுச் சுற்றி வரவேண்டும் என்ற ஆசை வந்தது. 27 வருடம் ஆர்.டி. போட்டுச் சேர்த்தேன். ராத்திரி சாப்பாடு முடிந்ததும் என் கணவர் அட்லஸை விரித்துப் பிடித்துக்கொள்வார், நான் பென்சிலால் கோடு போடுவேன். மூட்டு வலியால் அவரால் வர முடியவில்லை. ஜனவரியில் தனியாகக் கிளம்பி, கெய்ரோ, லிஸ்பன், நியூயார்க், பெரு, லாஸ் ஏஞ்சலீஸ், ஆக்லாந்து, சிங்கப்பூர் என்று 84 நாளில் சுற்றி வந்துவிட்டேன். வந்து மூன்று மாதம் ஆகிறது. பெட்டியைக்கூட இன்னும் முழுசாகப் பிரிக்கவில்லை. போட்டோ பார்க்கப் பிடிக்கவில்லை. 'ஆசைதான் நிறைவேறிடுச்சே, இன்னும் என்னம்மா?' என்கிறான் மகன். பெருவில், மச்சு பிச்சு இடிபாடுகளின் நடுவே நின்றபோது அழுகை வரும் என்று நினைத்திருந்தேன். கால்தான் வலித்தது. இத்தனை வருடப் பணத்தை வீணாக்கிவிட்டேனா? இன்னொரு பயணம் போனால் சரியாகுமா?

— வாசகி, கும்பகோணம்

பதில்: அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் கடிதம் நான்கு பக்கம். இங்கே சுருக்கித்தான் போட முடிந்தது. நான் முழுசாக இரண்டு தடவை படித்தேன். பிரமிடு, சுதந்திர தேவி சிலை பற்றியெல்லாம் நீங்கள் எழுதியிருப்பது ஆபீஸ் ரிஜிஸ்டர் மாதிரி இருக்கிறது: தேதி, இடம், டிக்கெட் விலை. மூன்றாவது பக்கத்தில் மட்டும் கையெழுத்தே மாறுகிறது. குஸ்கோ. பெருவில் இருக்கும் மலை நகரம், கடல் மட்டத்திலிருந்து 3,400 மீட்டர் உயரம். போய் இறங்கிய அன்றே உங்களுக்குத் தலை பிளக்கிறது. விடுதிக்கார அம்மாள் கோகா இலை போட்டுக் கொதிக்கவைத்த தேநீரைக் கொண்டுவந்து, உங்கள் கையில் கொடுத்துவிட்டுப் போகாமல், கட்டில் ஓரத்திலேயே உட்கார்ந்துகொள்கிறார். அவருக்குத் தமிழ் தெரியாது, உங்களுக்கு ஸ்பானிஷ் தெரியாது. நீங்கள் குடித்து முடிக்கும்வரை அவர் தன் பேத்தியின் போட்டோவைக் காட்டிக்கொண்டிருந்தார் என்று எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பத்தியில் ஒரு அடித்தல்கூட இல்லை.

மச்சு பிச்சுவில் வராத அழுகை அங்கே வந்திருக்கும் என்று எனக்குத் தோன்றுகிறது. பணம் வீணாகவில்லை, சகோதரி.

சரி, அப்படியானால் ஏன் இந்த வெறுமை? உங்களுக்கு முடிந்துபோனது 84 நாள் பயணம் என்று நினைக்கிறீர்கள். நான் படித்த வரையில், முடிந்தது 27 வருடப் பழக்கம். ஐந்து வருடத்துக்கு ஒரு முறை ஆர்.டி. முதிரும், உடனே அடுத்ததைப் போடுவீர்கள். வீட்டில் என்ன கஷ்டம் என்றாலும் ராத்திரி சாப்பாட்டுக்கு அப்புறம் அட்லஸ் விரியும். உங்கள் நாளுக்கு அது ஒரு ஆணி. இப்போது அந்த நேரம் வருகிறது, செய்ய ஒன்றும் இல்லை. எச்சில் தட்டு கழுவியதும் போய்ப் படுத்துவிடுகிறேன் என்கிறீர்கள். அங்கேதான் வலி இருக்கிறது. மகனுக்கு அது தெரியாது. அவர் பயணத்தைத்தான் பார்த்தார், அட்லஸைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் எழுதியிருந்தீர்கள், போகிற போக்கில். டைரியில் மார்ச் 12ஆம் தேதிப் பக்கம் வெறுமையாக இருக்கிறது, அதைப் பார்த்தால் ஏதோ பறிபோன மாதிரி இருக்கிறது என்று. 11ஆம் தேதி இரவு லாஸ் ஏஞ்சலீஸில் விமானம் ஏறி, 13 மணி நேரம் பறந்து, 13ஆம் தேதி காலை ஆக்லாந்தில் இறங்கினீர்கள். நடுவில் ஒரே ஒரு இரவு. 12ஆம் தேதிக் காலை உங்களுக்கு விடியவேயில்லை.

ஐநூறு வருடத்துக்கு முன்னால் இதே குழப்பம் ஒருவருக்கு வந்தது. 1519இல் மெகல்லன் என்ற மாலுமி ஐந்து கப்பல்களோடு ஸ்பெயினிலிருந்து கிளம்பினாரே, உலகத்தை முதல் முறையாகச் சுற்றி முடித்த அந்தப் பயணத்தில் போன இத்தாலிக்காரர் பிகாஃபெட்டா. ஒரு நாள் விடாமல் குறிப்பு எழுதியவர். 1522 ஜூலையில், ஊர் திரும்பும் வழியில், கேப் வெர்டே தீவில் கரைக்குப் போனவர்கள் கிழமை விசாரித்தார்கள். வியாழன் என்றார்கள். கப்பல் கணக்கிலோ புதன். நான் ஒரு நாள்கூடத் தவறவிடவில்லையே என்று அவருக்குப் பெரிய ஆச்சரியம். கணக்கில் பிழையே இல்லை. சூரியன் போகும் திசையிலேயே, மேற்கு நோக்கிப் போனதால் அவர்களுடைய ஒவ்வொரு பகலும் கொஞ்சம் கொஞ்சம் நீண்டிருந்தது. மூன்று வருடத்தில் அது ஒரு முழு நாளாகச் சேர்ந்துவிட்டது. அந்த செப்டம்பரில் விக்டோரியா என்ற ஒரே கப்பலில் ஸ்பெயின் வந்து சேர்ந்தவர்கள் 18 பேர். அவர்களில் பிகாஃபெட்டாவும் ஒருவர்.

நீங்களும் மேற்கு நோக்கித்தான் போனீர்கள். கெய்ரோவில் கைக்கடிகாரத்தை மூன்றரை மணி நேரம் பின்னால் திருப்பினீர்கள். லிஸ்பனில் இன்னும் இரண்டு. நியூயார்க்கில் ஐந்து. அதற்குள்ளேயே பத்தரை மணி நேரம் கூடுதலாகக் கையில் வந்துவிட்டது. மற்ற ஊர்களில் மீதி. எல்லாம் சேர்ந்தால் 24. அதைச் சரிக்கட்டத்தான் பசிபிக் நடுவே தேதிக் கோட்டைத் தாண்டும்போது காலண்டரில் ஒரு தேதியைக் கழித்துவிடுகிறார்கள். அந்த 12ஆம் தேதியைத் தவணை தவணையாக நீங்கள் வாழ்ந்துதான் இருக்கிறீர்கள். ஆர்.டி. போட்டவருக்கு இந்தக் கணக்கை நான் சொல்லித் தரவேண்டியதில்லை.

இன்னொரு பயணம் பற்றி. கொச்சியில் சின்ன டீக்கடை நடத்திய விஜயன், மோகனா தம்பதியைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். கடை வருமானத்தில் தினமும் 300 ரூபாய் எடுத்துவைப்பார்கள், போதாததற்குக் கடன் வாங்குவார்கள், போய் வந்து டீ ஆற்றி அந்தக் கடனை அடைப்பார்கள், அப்புறம் அடுத்த நாடு. இப்படியே 25 நாடுகளுக்கு மேல். 2021 அக்டோபரில் ரஷ்யா போய்வந்தார்கள். அடுத்த மாதம் விஜயன் காலமானார். அவர்கள் கதையில் என்னை நிறுத்திவைப்பது அந்த டீக்கடை அடுப்புதான். போவதும் திரும்பி வருவதும் அவர்களுக்கு ஒரே பிழைப்பின் இரண்டு பக்கம். நீங்கள் இப்போது டிக்கெட் எடுத்தால், திரும்பி வந்ததன் வலியிலிருந்து தப்பத்தான் எடுப்பீர்கள். அடுத்த பொங்கல்வரை பொறுங்கள். அப்போதும் ஆசை இருந்தால் தாராளமாகப் போங்கள்.

ஒன்றை மட்டும் தள்ளிப்போடாதீர்கள். தூக்கம் சரியில்லை, சாப்பாடு இறங்கவில்லை என்று கடைசி வரியில் எழுதியிருக்கிறீர்கள். மூன்று மாதம் என்பது அதிகம். குடும்ப மருத்துவரிடம் போய் இதை அப்படியே சொல்லுங்கள். வெளியே போகத் தயக்கமாக இருந்தால் டெலி மானஸ் என்ற அரசின் மனநல உதவி எண் 14416க்குப் போன் செய்யலாம். கட்டணம் இல்லை, தமிழிலேயே பேசலாம்.

பெட்டியை மருமகள் பிரித்துத் தருகிறேன் என்றாராமே, வேண்டாம். நீங்களே பிரியுங்கள், ஒரு நாளைக்கு நாலு சாமான். குஸ்கோ அம்மாளின் விடுதி முகவரி அதற்குள் ஏதாவது ரசீதில் இருக்கும். அவருக்கு ஒரு தபால் அட்டை போடுங்கள். மகாமகக் குளம் படம் போட்டது கிடைத்தால் நல்லது. வெளிநாட்டுக்கு எவ்வளவு ஸ்டாம்பு ஒட்டவேண்டும் என்று உங்களைவிட யாருக்குத் தெரியும்?

அப்புறம் உங்கள் கணவர். 'அவர் மட்டும் எதுவுமே கேட்பதில்லை' என்று எழுதியிருக்கிறீர்கள். 27 வருடம் அட்லஸைப் பிடித்துக்கொண்டிருந்தவர் அவர். உங்களுக்குப் போன அந்த ராத்திரி நேரம் அவருக்கும் போயிருக்கிறது. நீங்கள் போட்டோவைக்கூடத் திறக்காதபோது, அவர் எதைக் கேட்பார்?

இன்றைக்கு ராத்திரி சாப்பிட்டதும் அட்லஸை எடுத்து அவர் கையில் கொடுங்கள். பழைய பென்சில் கோட்டின் மேல், நிஜமாகப் போன வழியைப் பேனாவால் போடுங்கள். ஒரே நாளில் முடிக்க வேண்டாம், ஒரு ராத்திரிக்கு ஒரு ஊர் போதும். குஸ்கோவுக்கு இரண்டு ராத்திரி எடுத்துக்கொள்ளுங்கள். பசிபிக் நடுவே வரும்போது அந்த 12ஆம் தேதியை அவருக்கு விளக்க வேண்டியிருக்கும். முதல் தடவையில் புரியாது. ஒரு ஆரஞ்சும் டார்ச் லைட்டும் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.