பழைய ‘கேட்டில் நைஃப்’ மடக்குக் கத்தியின் வயதை எப்படிக் கண்டுபிடிப்பது?

மூன்று அலகுள்ள பழைய அமெரிக்க மடக்குக் கத்தி ஒன்று கிடைத்திருக்கிறது, எந்தக் காலத்தது என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் வடிவத்தைப் பாருங்கள். உடம்பு நேராகவும் தடிமனாகவும், இரு முனையும் ஒரே மாதிரி உருண்டும் இருந்தால் ‘கேட்டில் நைஃப்’, அதாவது மாடு வளர்ப்போர் கத்தி. லேசாகப் பாம்பு வளைவு தெரிந்தால் ‘ஸ்டாக்மேன்’ என்ற இன்னொரு வகை. விற்பவர்களே இரண்டையும் குழப்புவார்கள். நுனி மழுங்கிய ‘ஸ்பே’ அலகு, கன்றுக்குக் காயடிக்க. அது துள்ளும்போது குத்திவிடக் கூடாதே!

வயதைச் சொல்வது அலகின் அடியில், கீலை ஒட்டியுள்ள முத்திரைதான். லென்ஸ் இல்லாமல் சரிப்படாது. ‘கேஸ்’ என்ற அமெரிக்க நிறுவனத்துக் கத்தி என்றால் யோகம்தான், முத்திரையில் உள்ள புள்ளிகளே ஆண்டைச் சொல்லும்: 1970-இல் 10 புள்ளிகள், பிறகு ஆண்டுக்கு ஒன்றாகக் குறைந்து 1979-இல் ஒன்றே ஒன்று. ஏழு இருந்தால் 1973 (1980-களிலும் இதே புள்ளி முறை இருந்ததால், 1983 ஆகவும் இருக்கலாம்). கூடவே 6347 என்றிருந்தால், 6 எலும்புப் பிடி, 3 அலகுகளின் எண்ணிக்கை, 47 வடிவ எண் (அது ஸ்டாக்மேன்).

‘ஜெர்மனி’ என்று பொறித்திருந்தால், அது இறக்குமதியான கத்தி; பெரும்பாலும் அமெரிக்காவின் 1890 மெக்கின்லி வரிச் சட்டத்துக்குப் பிந்தையது. இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயரைக் கட்டாயமாக்கியது அதுதான்.

துருவைப் பார்த்ததும் உப்புத்தாளை எடுத்துவிடாதீர்கள். முத்திரையும் போகும், விலையும் போகும்.