ஐரோப்பாவில் நகர வளர்ச்சி படிக்க விரும்பும் மகள்: வீட்டுப் பத்திரத்தை எடுப்பதற்கு முன்

வணக்கம் அம்மா,

உங்கள் மின்னஞ்சலை முழுவதும் படித்தேன். மகள் சிவில் இன்ஜினியரிங் இறுதியாண்டில் இருக்கிறாள். ‘நீடித்த நகர, வட்டார வளர்ச்சி’ என்று ஐரோப்பாவில் முதுகலை படிக்க ஆசைப்படுகிறாள். ஏஜென்ட் ஒரு தனியார் கல்லூரியைச் சொல்கிறார். வீட்டுப் பத்திரத்தை வைத்துக் கடன் வாங்கலாமா என்று கேட்கிறீர்கள். படிப்பு நல்ல படிப்புதான். ஆனால் பத்திரத்தை இப்போது எடுக்க வேண்டாம். காரணத்தைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்தத் துறையைப் பற்றி நம் வீடுகளில் யாரும் சரியாக எடுத்துச் சொல்வதில்லை.

பெயரைக் கேட்டதும் செடி கொடி படர்ந்த கட்டடங்களும் சைக்கிள் பாதைகளும்தான் நினைவுக்கு வரும். கல்லூரிக் கையேடுகளிலும் அந்தப் படங்கள்தான் இருக்கும். உள்ளே போனால் வேலை வேறு. பொதுப் பணம் எந்த ஊருக்கு, என்ன நிபந்தனையில் போக வேண்டும்? ஒரு நிலத்தில் எது வரலாம், எது வரக் கூடாது? அதை யார் முடிவு செய்வது? பாடத்தின் பெரும் பகுதி இதுதான்.

ஐரோப்பிய ஒன்றியத்தையே எடுத்துக்கொள்வோம். அதன் 27 நாடுகளையும் வட்டாரங்களாகப் பிரித்து, ஒவ்வொன்றிலும் தலைக்கு எவ்வளவு உற்பத்தி என்று கணக்கிடுகிறார்கள். ஒன்றியத்தின் சராசரியில் 75 விழுக்காட்டுக்குக் கீழே இருந்தால் பின்தங்கிய வட்டாரம், 75 முதல் 100 வரை இடைநிலை, அதற்கு மேல் முன்னேறிய வட்டாரம். இந்த ஏற்றத்தாழ்வைக் குறைப்பதற்கென்று 2021 முதல் 2027 வரை ஒதுக்கியிருக்கும் பணம் சுமார் 39,200 கோடி யூரோ. பின்தங்கிய வட்டாரத்தில் ஒரு திட்டச் செலவில் 85 விழுக்காடு வரை இதிலிருந்து கிடைக்கும். முன்னேறிய வட்டாரத்தில் பெரும்பாலும் 40 விழுக்காடுதான். மீதியை அந்த நாடோ மாநிலமோ நகராட்சியோ போட வேண்டும்.

இதற்குள் முக்கியமான ஒன்று, 1975இல் தொடங்கிய ஐரோப்பிய வட்டார வளர்ச்சி நிதி. ஒவ்வொரு நாடும் தனக்கு வரும் இந்த நிதியில் குறைந்தது 8 விழுக்காட்டை நீடித்த நகர வளர்ச்சிக்கே செலவிட வேண்டும் என்பது இப்போதைய விதி. முந்தைய சுற்றில், அதாவது 2014 முதல் 2020 வரை, அது 5 விழுக்காடாக இருந்தது. உங்கள் மகளின் வேலைவாய்ப்பு இந்த எண்ணில்தான் இருக்கிறது. பணம் வேண்டுமென்றால் நகரம் தன் கையிலேயே ஒரு வளர்ச்சி உத்தி வைத்திருக்க வேண்டும். அதை யாராவது எழுத வேண்டும், குடியிருப்பவர்களைக் கூட்டிக் கருத்துக் கேட்க வேண்டும், செலவுக்குக் கணக்குக் காட்ட வேண்டும், பலன் வந்ததா என்று அளந்து சொல்ல வேண்டும். இதையெல்லாம் செய்பவர்கள்தான் இந்தப் படிப்பை முடித்தவர்கள். வரைபடம் போடுவதைவிட அறிக்கை எழுதுவதும் கூட்டம் நடத்துவதும் அதிகம். மகளிடம் இதை ஒளிக்காமல் சொல்லுங்கள்.

பணக் கணக்கோடு விட்டால் துறையின் உயிர் தெரியாது. அதனால் ஒரு இடத்தைக் காட்டுகிறேன்: ஜெர்மனியின் ரூர் பகுதி. நிலக்கரிச் சுரங்கமும் எஃகு ஆலையும் நிறைந்திருந்த மண் அது. அங்கே எம்ஷர் என்று ஒரு ஆறு ஓடுகிறது. சுரங்கம் தோண்டத் தோண்ட மேலே நிலம் தாழ்ந்துகொண்டே வந்தது. பூமிக்கு அடியில் கழிவுநீர்க் குழாய் பதித்தால் உடைந்துவிடும். அதனால் ஆற்றையே கான்கிரீட் போட்டுத் திறந்த சாக்கடையாக்கிவிட்டார்கள். அதைப் பராமரிக்க 1899இல் ஊராட்சிகளும் சுரங்கங்களும் ஆலைகளும் சேர்ந்து ஒரு கூட்டமைப்பைத் தொடங்கின. சுரங்கங்கள் விலகி நிலம் தாழ்வது நின்ற பிறகு, அதே கூட்டமைப்புதான் 1990களின் தொடக்கத்தில் ஆற்றை மீட்கும் வேலையையும் கையில் எடுத்தது. 51 கிலோமீட்டர் நீளத்துக்கு நிலத்தடிக் கழிவுநீர்க் கால்வாய், சுமார் 550 கோடி யூரோ செலவு, ஏறத்தாழ 30 ஆண்டு உழைப்பு. 2021 முடியும்போது எம்ஷரில் கழிவுநீர் கலப்பது நின்றது.

சிவில் படித்த பெண்ணுக்கு இதில் குழாயும் பம்பும் முதலில் கண்ணில் படும். படட்டும், நல்லதுதான். எனக்குப் பெரிதாகப் படுவது வேறு. பல நகராட்சிகள், ஒன்றுக்கொன்று போட்டியிடும் ஊர்கள், ஒரே ஆற்றுக்காக ஒரு மேசையில் உட்கார்ந்து 30 ஆண்டுக்குச் செலவைப் பகிர்ந்துகொண்டன. தேர்தல்கள் வந்தன, மேயர்கள் மாறினார்கள், வேலை நிற்கவில்லை. அப்படி நிற்காமல் ஓடும் அமைப்பை உருவாக்குவதற்குத்தான் ‘வட்டார வளர்ச்சி’ என்று பெயர்.

அதே பகுதியில் இன்னொரு கதை. டோர்ட்முண்ட் நகரின் ஹோர்டே என்ற இடத்தில் ஃபீனிக்ஸ் எஃகு ஆலை இருந்தது. 2001இல் மூடினார்கள். ஆலையைப் பிரித்துச் சீனாவுக்கு அனுப்பிவிட்டு, அந்த இடத்தில் ஒரு ஏரியை வெட்டினார்கள். 2010 அக்டோபரில் தண்ணீர் விட ஆரம்பித்து, அடுத்த ஆண்டு மக்களுக்குத் திறந்தார்கள். இன்று கரையில் விலை உயர்ந்த வீடுகள் நிற்கின்றன. அதே நகரத்தின் வடபகுதியான நோர்ட்ஷ்டாட்டில் வெளிநாடுகளிலிருந்து வந்தவர்களும் வருமானம் குறைந்தவர்களும் நெருக்கமாக வாழ்கிறார்கள். 2000 முதல் 2006 வரை ‘உர்பான் 2’ என்ற ஒன்றியத் திட்டத்தில் அந்தப் பகுதிக்குத் தனியாக நிதி வந்தது. ஒரே நகரத்தில் இரண்டு முயற்சிகள். பழைய ஆலை நிலத்தைச் சுத்தம் செய்து அழகாக்கினால் நிலமதிப்பு ஏறுகிறது. அப்போது ஆலையில் வேலை பார்த்த குடும்பங்கள் அங்கேயே இருக்க முடிகிறதா?

இந்தக் கேள்வியை மகளிடம் கேட்டுப் பாருங்கள். அவள் வாடகை, நில உரிமை, நகராட்சியின் அதிகாரம் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தால் இந்தத் துறை அவளுக்குப் பொருந்தும். ஏரியை எப்படி வெட்டினார்கள், கரையை எப்படி நிறுத்தினார்கள் என்பதில்தான் ஆர்வம் என்றால், நீர்வளப் பொறியியலோ நிலத்தோற்ற வடிவமைப்போ எடுக்கட்டும். அது தாழ்ந்ததில்லை. சிவில் பட்டதாரிக்கு வெளிநாட்டில் வேலை கிடைப்பது அங்கே கொஞ்சம் சுலபமும்கூட.

சரி, வேலை எங்கே? பலரும் ஒன்றியத்தின் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸ் என்று நினைக்கிறார்கள். அங்கே ஒன்றியத்தின் நிர்வாகத்தை நடத்தும் ஐரோப்பிய ஆணையத்தின் நிரந்தரப் பணிகளுக்குப் பொதுவாக உறுப்பு நாட்டுக் குடியுரிமை வேண்டும். அந்தக் கனவை இப்போதே ஓரமாக வைத்துவிடலாம். இன்னொன்றும் உண்டு. நிலப் பயன்பாட்டைத் திட்டமிடும் அதிகாரம் ஒன்றியத்திடம் இல்லை. அது அந்தந்த நாட்டுச் சட்டப்படி நடக்கிறது. ஜெர்மனியில் எந்த மனையில் எத்தனை மாடி என்று கட்டுப்படுத்தும் திட்டத்தை நகராட்சியே நிறைவேற்றுகிறது. ஆக, வேலை நகராட்சி அலுவலகங்களிலும், மாநில அரசுத் துறைகளிலும், அவர்களுக்குத் திட்டம் தயாரித்துக் கொடுக்கும் நிறுவனங்களிலும்தான். அங்கே சட்டம், கூட்டம், குறிப்பு, குடியிருப்பாளரின் புகார் எல்லாமே உள்ளூர் மொழியில் இருக்கும். ஐடி வேலை மாதிரி ஆங்கிலத்தை வைத்துச் சமாளிக்க முடியாது. மொழித் தேர்ச்சியை ஏ1 தொடங்கி சி2 வரை ஆறு நிலைகளாகப் பிரிக்கிறார்கள்; ஜெர்மன் மொழியில் நான்காவது நிலையான பி2 இல்லாமல் நேர்காணலுக்கு அழைப்பே வருவது கடினம். சி1 இருந்தால்தான் நிம்மதி. ஆங்கிலத்தில் வேலை செய்யும் இடங்கள் இல்லாமல் இல்லை. ஃப்ரைபுர்கில் ஐரோப்பிய அலுவலகம் வைத்திருக்கும் இக்லி போன்ற நகரக் கூட்டமைப்புகள், ஆய்வு மையங்கள் சில உண்டு. ஆனால் இடம் குறைவு, போட்டி அதிகம்.

பணமும் இப்படியே இருக்கும் என்று எண்ணிவிடக் கூடாது. 2028இல் தொடங்கும் பட்ஜெட்டில் வட்டார நிதியையும் வேளாண் நிதியையும் ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரே திட்டமாகச் சேர்க்கலாம் என்று ஆணையம் 2025 ஜூலையில் முன்மொழிந்தது. வட்டாரங்களும் நகரங்களும் எதிர்ப்புத் தெரிவித்தன. எப்படி முடிந்தாலும் நகரங்களுக்குத் திட்டமிடுபவர்கள் தேவைப்படுவார்கள், அதில் எனக்குச் சந்தேகம் இல்லை. ஆனால் ஒன்றிய நிதியை மட்டுமே நம்பி ஓடும் பதவிகள் ஆடலாம்.

இனி வழி. என் ஆலோசனை, மகள் பட்டம் முடித்ததும் இரண்டு ஆண்டு இங்கே வேலை பார்க்கட்டும். மழைநீர் வடிகால், குடிநீர், பேருந்துத் திட்டம் என்று ஏதாவது ஒரு நகர்ப்புறத் திட்டத்தில் இருந்தால் நல்லது. ஜெர்மன் வளர்ச்சி வங்கியான கேஎஃப்டபிள்யூ தமிழ்நாட்டில் சென்னையின் கோவளம் வடிநில வடிகால் போன்ற பணிகளுக்குக் கடன் கொடுத்திருக்கிறது. அப்படிப்பட்ட திட்டத்தில் ஒப்பந்த நிறுவனத்தின் இளநிலைப் பொறியாளராக இருந்தாலும் போதும், நிதி கொடுப்பவர் என்னென்ன கேட்பார் என்று நேரில் தெரிந்துவிடும்.

இந்த இரண்டு ஆண்டுக்கு இன்னொரு பலனும் உண்டு. டாட் (DAAD) என்ற ஜெர்மன் கல்விப் பரிமாற்ற அமைப்பு வளரும் நாட்டு மாணவர்களுக்குத் தரும் உதவித்தொகைத் திட்டத்துக்குப் பொதுவாக இரண்டு ஆண்டு பணி அனுபவம் வேண்டும். டோர்ட்முண்ட் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தின் ‘ஸ்ப்ரிங்’ முதுகலை அந்த உதவித்தொகை கிடைக்கக்கூடிய படிப்புகளில் ஒன்று. ஆங்கிலத்தில் நடக்கிறது. வளரும் நாடுகளின் வட்டாரத் திட்டமிடலுக்காகவே அமைத்தது. முதல் ஆண்டு டோர்ட்முண்டில், இரண்டாம் ஆண்டு வேறு நாட்டிலுள்ள கூட்டுப் பல்கலைக்கழகத்தில். எம்ஷரும் ஃபீனிக்ஸ் ஏரியும் பக்கத்திலேயே இருக்கும். உங்கள் மகளுக்கு என் முதல் தேர்வு இதுதான்.

இரண்டாவது, பிரஸ்ஸல்ஸ், வியன்னா, கோபன்ஹேகன், மாட்ரிட் நான்கு நகரங்களிலும் மாறி மாறிப் படிக்கும் ‘ஃபோர் சிட்டீஸ்’. ஐரோப்பிய ஒன்றியம் தரும் எராஸ்மஸ் முண்டுஸ் உதவித்தொகை கிடைத்தால் மாதம் 1,400 யூரோ வரும், கட்டணமும் இல்லை. ஆனால் நான்கு நாட்டுக்கு அலைவதால் ஒரு மொழியும் ஆழமாக வராது. ஆய்வுத் துறைக்குப் போகிறவர்களுக்கே இதைச் சொல்வேன். மிலான், டெல்ஃப்ட், ஸ்டாக்ஹோம் மூன்றிலும் ஆங்கிலத்தில் நல்ல படிப்புகள் உண்டு. கட்டணத்தைப் பார்த்துவிட்டுப் பேசலாம்.

ஜெர்மனியின் பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் படிப்புக் கட்டணம் கிடையாது. பாடன்-வூர்ட்டெம்பர்க் மாநிலத்தில் மட்டும் நம் மாணவர்களுக்குப் பருவத்துக்கு 1,500 யூரோ. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இப்போது வாங்குகிறது. உதவித்தொகை இல்லாவிட்டால் விசாவுக்கு பிளாக்டு அக்கவுண்டில், அதாவது மாதம் ஒரு வரம்புக்குள் மட்டும் பணம் எடுக்கக்கூடிய வங்கிக் கணக்கில், ஓராண்டுச் செலவாக 11,904 யூரோ காட்ட வேண்டும். அது அவளுடைய வாழ்க்கைச் செலவுக்கே மாதாமாதம் திரும்பி வரும் பணம். நம் கல்விச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் (APS) சான்றிதழும் கட்டாயம். அதற்குச் சில மாதம் முன்பே விண்ணப்பித்துவிடுங்கள். படிப்பு முடிந்ததும் வேலை தேட 18 மாதம் தங்கலாம். இவ்வளவும் இருக்கும்போது, ஏஜென்ட் சொல்லும் தனியார் கல்லூரிக்கு லட்சக்கணக்கில் கட்ட எந்தக் காரணமும் எனக்குத் தெரியவில்லை. அவருக்குக் கல்லூரியிடமிருந்து கமிஷன் வருகிறதா என்று நேராகவே கேளுங்கள்.

திரும்பி வந்தால் என்ன என்றும் கேட்டிருந்தீர்கள். ஐரோப்பிய ஒன்றியமும் பிரெஞ்சு வளர்ச்சி முகமையும் உதவிய ‘சிட்டீஸ்’ திட்டத்தில் சென்னையும் புதுச்சேரியும் இடம்பெற்றன. சென்னையில் மாநகராட்சிப் பள்ளிகளை மேம்படுத்தினார்கள். இதுபோன்ற திட்டங்களில் இரு பக்கத்து நடைமுறையும் தெரிந்தவருக்கு மதிப்பு உண்டு. ஆனால் நகர் ஊரமைப்பு இயக்ககம், சிஎம்டிஏ (சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம்) போன்ற அரசுப் பணிகளுக்கு வெளிநாட்டுப் பட்டம் தானாகவே செல்லுபடியாகும் என்று நினைக்காதீர்கள். பழைய ஆள்சேர்ப்பு அறிவிப்புகளை எடுத்து, என்ன பட்டம் கேட்டிருக்கிறார்கள் என்று வரிவரியாகப் படியுங்கள். அரசு வேலைதான் குறிக்கோள் என்றால் அண்ணா பல்கலைக்கழகத்திலோ டெல்லியின் எஸ்பிஏ (திட்டமிடல், கட்டடக்கலைக் கல்வி நிறுவனம்) என்பதிலோ திட்டமிடல் முதுகலையான எம்.பிளான் படிப்பதே நேர்வழி. ஐரோப்பா தேவையே இல்லை.

இந்த மாதம் இரண்டு காரியம் போதும். ஜெர்மன் ஏ1 வகுப்பில் மகளைச் சேர்த்துவிடுங்கள். அப்புறம், 2020 நவம்பரில் ஐரோப்பிய நாடுகளின் அமைச்சர்கள் ஏற்றுக்கொண்ட புதிய லைப்சிக் சாசனத்தைப் படிக்கச் சொல்லுங்கள். சிறிய ஆவணம்தான், ஆங்கிலத்தில் கிடைக்கும். நீதியான நகரம், பசுமையான நகரம், உற்பத்தி செய்யும் நகரம் என்று மூன்றைச் சொல்கிறது. உங்கள் ஊரில் இந்த மூன்றும் எங்கே மோதுகின்றன என்று இரண்டு பக்கம் தமிழிலோ ஆங்கிலத்திலோ எழுதி எனக்கு அனுப்பட்டும். அதைப் படித்துவிட்டு அவளோடு ஒரு மணி நேரம் பேசுகிறேன்; நீங்களும் கூட இருங்கள்.