ஏறத் தெரிஞ்ச கிளிக்கு இறங்கக் கத்துக்கொடுங்க

வாசகர் கேள்வி, அக்கா பதில்

இந்த தடவை வந்த கடிதத்துல பாதிக்கு மேல கிளி வளக்கிறவங்ககிட்ட இருந்துதான், அதனால மத்த கேள்விகள அடுத்த இதழுக்கு வெச்சிட்டேன், கோச்சுக்காதீங்க.

அக்கா, எங்ககிட்ட 10 மாச காக்டெயில் (cockatiel) கிளி ஒண்ணு இருக்கு. வாங்கும்போதே கடையில றெக்கைய வெட்டித்தான் கொடுத்தாங்க. இப்ப இறகு முளைச்சு ரெண்டு வாரமா பறக்குது, ஆனா நேரா ஃபேன் மேலயோ பரண் மேலயோ போய் உக்காந்துக்கிட்டு இறங்கத் தெரியாம கத்துது. இறங்கினாலும் சுவத்துல மோதி தொப்புன்னு விழுது. பாக்கவே பயமா இருக்கு. (மஞ்சக்குப்பம் வாசகி, கடலூர்)

மொதல்ல ஃபேன் விஷயத்த முடிச்சிடுவோம், ஏன்னா வீட்டுக்குள்ள கிளிய வெளிய விடறவங்க பூனைய விட பயப்பட வேண்டியது சீலிங் ஃபேனுக்குத்தான். கூண்டுக் கதவத் தொறக்கிறதுக்கு முன்னாடி ஸ்விட்ச ஆஃப் பண்ணுங்க, பண்ணின உடனே தொறக்காதீங்க, ஃபேன் முழுசா நிக்கிற வரைக்கும் நில்லுங்க. எங்க முத்தியால்பேட்டை வீட்டுல மொதல்ல வளத்த காக்டெயில் ஒரு நாள் நின்னுக்கிட்டிருந்த ஃபேன் மேல உக்காந்திருந்துச்சு, சித்திரை வெயில்ல வெளிய போயிட்டு வந்த சொந்தக்காரர் ஒருத்தர் சட்டைய உதறிக்கிட்டே உள்ள வந்து பழக்கதோஷத்துல ஸ்விட்சத் தட்டிட்டாரு. ரெகுலேட்டர் 1ல இருந்ததால தப்பிச்சுது, சுத்த ஆரம்பிச்ச வேகத்துலயே தூக்கிப் போட்டு பீரோ மேல வந்து விழுந்துச்சு, வலது றெக்கைய ஒரு மாசம் தொங்கப் போட்டுக்கிட்டே திரிஞ்சுது. அன்னையில இருந்து கிளி வெளிய இருக்கிற நேரம் பூரா ஸ்விட்ச் மேல குறுக்க செல்லோ டேப் ஒட்டிடுவேன், கை தானா போனாலும் டேப் தட்டுப்படும், அப்பத்தான் மேல பாப்பாங்க. புழுக்கம் தாங்கலன்னா கம்பி வலை போட்ட டேபிள் ஃபேன பக்கத்து ரூம்ல வெச்சுக்கங்க.

இப்ப இறங்குற கதைக்கு வருவோம். ஏறிப்போய் உக்கார்றது கிளிக்கு சுலபம், மேல போகப் போக வேகம் தானா கொறஞ்சுடும். கீழ வரும்போது வேகம் கூடிக்கிட்டே வரும், அந்த நேரத்துல வால விரிச்சு, ஒடம்ப நிமித்தி, றெக்கைய முன்பக்கமா அடிச்சு பிரேக் போடணும், கால நீட்டி பிடிக்கணும், எல்லாம் ஒரே மூச்சுல. காக்டெயில் குஞ்சு 4, 5 வாரத்துல கூட்ட விட்டு வெளிய வரும்போது விழுந்து எழுந்து இதைப் பழகிக்கும். உங்களுதுக்கு பழக வேண்டிய வயசுல இறகே இல்ல, அதனால 10 மாசக் கிளி இப்பத்தான் ஒண்ணாம் கிளாஸ்ல உக்காந்திருக்குன்னு நெனச்சுக்கங்க.

ரெண்டு நாற்காலிய எதிரும் புதிருமா போடுங்க, முதுகு மேல பழைய துண்ட இறுக்கிக் கட்டுங்க, வழவழன்னு பிளாஸ்டிக்கா இருந்தா கால் வழுக்கும், வழுக்கினா அடுத்த தடவை வராது. ஒரு ஜாண் இடைவெளி விட்டு இந்தப் பக்கம் கிளி, அந்தப் பக்கம் உங்க கையில தினைக் கதிர். தாவி வந்தா ரெண்டு கொத்து கொத்த விட்டுட்டு திரும்ப எதிர்பக்கம். ஒரு நாளைக்கு ரெண்டு மூணு தடவை, தடவைக்கு 5 நிமிஷம் போதும், அதுக்கு இன்னும் ஆசை இருக்கும்போதே நிறுத்திடணும், சாப்பாடு வைக்கிறதுக்கு முன்னாடி நேரமா பாத்து செஞ்சா ஆர்வமா வரும், அதுக்காக பட்டினி மட்டும் போட்டுடாதீங்க, 80ல இருந்து 100 கிராம்தான் இருக்கிற ஜீவன் அது. ஜாண் முழமாகி, முழம் ரெண்டு முழமாகி, ரூமுக்கு இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் சமமட்டத்துல வர ஆரம்பிச்சதும்தான் உயரத்த மாத்தணும். நாற்காலியில இருந்து கட்டில் மெத்தைக்கு இறக்குங்க, அப்புறம் டேபிள்ல இருந்து, அப்புறம் பீரோவுல இருந்து. மெத்தைன்னா தப்பா இறங்கினாலும் நெஞ்செலும்புல அடி படாது.

பரண்ல மாட்டிக்கிட்டா எல்லாரும் பண்ற தப்பு, நேரா கீழ போய் நின்னுக்கிட்டு வா வான்னு கூப்பிடறது. செங்குத்தா இறங்குறதுதான் அதுக்கு ரொம்ப கஷ்டம். ரூமோட எதிர் மூலைக்குப் போய் கைய தலைக்கு மேல தூக்கிப் பிடிங்க, சாய்வா நீளமா ஒரு பாதை கிடைச்சா தைரியமா வரும். தொடப்பத்தால தள்றது, துண்டப் போட்டுப் பிடிக்கிறது எல்லாம் வேண்டவே வேண்டாம், ஒரு தடவை பண்ணினீங்கன்னா உங்க கைமேல இருக்கிற நம்பிக்கை போயிடும், அதை மறுபடி சம்பாதிக்க மாசக்கணக்காகும். அரை மணி நேரம் ஆனாலும் காத்திருங்க.

சுவத்துல மோதுறது பழகப் பழக கொறையும். ஆனா கண்ணாடி ஜன்னலும் டிரெஸ்ஸிங் டேபிள் கண்ணாடியும் அப்படி இல்ல, அங்க திறந்த வெளி இருக்குன்னு நெனச்சு முழு வேகத்துல போகும். கர்ட்டன இழுத்து விடுங்க, கண்ணாடி மேல பழைய புடவையப் போடுங்க. கிளிய கையில வெச்சுக்கிட்டு ஒவ்வொரு ஜன்னல் கிட்டயும் போய் கண்ணாடியத் தட்டிக் காட்டுங்க, அலகால கொத்திப் பாக்கட்டும், ஒரு வாரம் இப்படி செஞ்சா அங்க ஏதோ இருக்குன்னு அதுக்குப் புரிஞ்சிடும்.

புதுசா பறக்கிறதால சீக்கிரம் மூச்சு வாங்கும். அலகைத் தொறந்துக்கிட்டு றெக்கைய ஒடம்ப விட்டு விலக்கி வெச்சா போதும்னு அர்த்தம். சில நிமிஷத்துல அடங்கலன்னா, இல்ல விழுந்த பிறகு ஒரு பக்க றெக்கை தொங்கினாலோ நெஞ்சுல ரத்தம் தெரிஞ்சாலோ டாக்டர்கிட்ட தூக்கிட்டுப் போங்க, நாளைக்குப் பாத்துக்கலாம்னு விடாதீங்க. பறவைங்க நோவ மறைக்கும், வெளிய தெரியும்போது பாதி கடந்திருக்கும். பாண்டி பக்கம்னா குரும்பாப்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு.

என் பையனுக்கு 6 வயசு, கதவத் தொறந்து போட்டுட்டு ஓடிடுவான். றெக்கைய வெட்டி விட்டுடுங்க, முடி மாதிரிதான், வலிக்காதுன்னு கடையில சொல்றாங்க. வெட்டலாமா? (லாஸ்பேட்டை வாசகர், புதுச்சேரி)

வேண்டாம் தம்பி. வளந்து முடிஞ்ச இறகை வெட்டினா வலிக்காதுங்கறது உண்மைதான், ஆனா முடி மாதிரி வெட்டின இடத்துல இருந்து அது வளராது, அந்தக் கட்டை இறகு உதிர்ந்து புதுசு முளைச்சாதான் உண்டு, அதுக்கு பல மாசம், சிலதுக்கு ஒரு வருஷம் கூட ஆகும். முளைச்சு வர்ற பிஞ்சு இறகுக்குள்ள ரத்தம் ஓடும், தெரியாம அதை வெட்டிட்டா ரத்தம் நிக்காது. அதிகமா வெட்டின கிளி பயந்து எகிறும்போது கல்லு மாதிரி நெஞ்சடிச்சு விழும். இன்னொண்ணு, வெட்டின கிளி பறக்காதுன்னு நம்பி வாசல்ல வெச்சிருப்போம், பாண்டியில மத்தியானத்துக்கு மேல கடக்காத்து எப்படி அடிக்கும்னு உங்களுக்கே தெரியும், அரைகுறை றெக்கையோட காத்துல மாட்டினா மாடியத் தாண்டிப் போயிடும், திரும்பி வர மட்டும் தெரியாது. அப்படிப் போன கிளிய தேடி ஒரு குடும்பம் தெருத் தெருவா அழுதுக்கிட்டு நடந்தத நான் பாத்திருக்கேன். வாசக்கதவுக்கு உள்பக்கமா தரை வரைக்கும் ஒரு பழைய கொசுவலையத் தொங்க விடுங்க, அதுவே ரெண்டாவது கதவு. பையனையும் சேத்துக்கங்க, "ஃபேன் ஆஃப், கதவு மூடியாச்சு, ஜன்னல் மூடியாச்சு"ன்னு அவன் சத்தமா சொன்னாதான் கூண்டு தொறக்கும்னு வெச்சுட்டா அவன்தான் வீட்டுக்கே காவக்காரன்.

சமைக்கும்போது தோள்லயே உக்காந்திருக்கும், பழகிடுச்சு. பரவாயில்லையா? (நெல்லிக்குப்பம் வாசகி)

கூடவே கூடாதும்மா. எண்ணெய் சட்டி, கொதிக்கிற சாம்பார் ஒரு பக்கம், அதை விட மோசம் நான்ஸ்டிக் தவா. அடுப்புல காலியா வெச்சு மறந்துட்டா அந்தப் பூச்சு சூடேறி வர்ற புகை நமக்கு மூக்குல கூட ஏறாது, கிளி நிமிஷத்துல செத்துப்போயிடும். பறவைக்கு நுரையீரல் போக ஒடம்பு பூரா காத்துப் பைங்க இருக்கு, காத்துல இருக்கிற எந்த விஷமும் நம்மள விட வேகமா உள்ள போகும். கொசுவத்தி, சாம்பிராணிப் புகை, அந்துருண்டை எல்லாமே ஆகாது. சமையக்கட்டுக் கதவ மூடியே வைங்க, பக்கெட், பாத்ரூம் தொட்டி எல்லாத்தையும் மூடி வைங்க.

ராத்திரி கரண்ட் போனா கூண்டுக்குள்ளயே படபடன்னு அடிச்சுக்குது. ஏன்? (அரியாங்குப்பம் வாசகர்)

காக்டெயிலுக்கு இந்த இருட்டுப் பயம் ரொம்ப சகஜம். 2024ல ஃபெஞ்சல் புயல் கரையக் கடந்த ராத்திரி எங்க வீட்டுல விடிய விடிய இதே பாடு. பேட்டரியில எரியற சின்ன விளக்க கூண்டு பக்கத்துல வைங்க, பேர் சொல்லி மெதுவா பேசுங்க, கைய உள்ள விடாதீங்க. கரண்ட் அடிக்கடி போற நாள்ல சாயங்காலத்துக்கு மேல வெளிய விட வேண்டாம், பறந்துக்கிட்டிருக்கும்போது திடீர்னு இருட்டானா எங்க மோதும்னு சொல்ல முடியாது.

தென்னை மரம் சாஞ்சப்போ பொந்துல இருந்து ஒரு பச்சைக்கிளிக் குஞ்சு கிடைச்சுது. இதுக்கும் பறக்கக் கத்துக்கொடுக்கலாமா? (திருப்பாதிரிப்புலியூர் வாசகர்)

காப்பாத்தினது நல்ல மனசு. ஆனா நம்ம ஊர் பச்சைக்கிளிய வீட்டுல வளக்கிறது 1972 வனவிலங்கு பாதுகாப்புச் சட்டப்படி குத்தம். வனத்துறைக்கு போன் பண்ணி ஒப்படைச்சிடுங்க, சீக்கிரமா கொடுத்தா மனுஷங்கமேல ரொம்ப ஒட்டிக்கிறதுக்கு முன்னாடி திரும்ப மரத்துக்குப் போக வாய்ப்பு இருக்கு.

நல்லா பறந்து கைக்கு வருது அக்கா! சில்வர் பீச்சுக்குக் கூட்டிட்டுப் போய் பறக்க விட ஆசை. (செம்மண்டலம் வாசகர், கடலூர்)

சந்தோஷமா இருக்கு, ஆனா விடாதீங்க. ஹால்ல கைக்கு வர்ற கிளி கடக்கரையில வரும்னு அர்த்தம் இல்ல, அங்க காத்து, காக்கா, வல்லூறு, தெரியாத சத்தம், ஒரு தடவை மிரண்டா கண்ணுக்கு எட்டாம போயிடும். கூண்டோட கூட்டிட்டுப் போய் காத்து வாங்க வைக்கலாம்.

எப்பவாவது வீட்டுல இருந்து தப்பிப் போயிட்டா, மொத சில மணி நேரம்தான் முக்கியம். பெரும்பாலும் பக்கத்துலயே ஒரு உயரமான மரத்துல இறங்கத் தெரியாம உக்காந்திருக்கும். அதோட கூண்ட மொட்டை மாடியில கதவத் தொறந்து வைங்க, உள்ள தினைக் கதிர் தொங்கணும், தினமும் நீங்க கூப்பிடற அதே குரல்ல கூப்பிடுங்க, மரத்துல ஏறிப் பிடிக்கப் போகாதீங்க. இருட்டிட்டா எந்தக் கிளையில அடஞ்சுதுன்னு பாத்து வெச்சுக்கிட்டு, விடியறதுக்கு முன்னாடியே அங்க போய் நில்லுங்க, பசியோட முழிக்கும்போது மொதல்ல உங்க குரல் கேக்கணும்.