எல்க் கறியும் இடுப்பு பெல்ட்டும்

பை, கூடாரம், மலையேற்றச் சாமான் பற்றிய வாசகர் கேள்விகளுக்கு, மதுரை தெற்கு வெளி வீதியில் பை தைக்கும் கடை நடத்துபவர் பதில் சொல்கிறார்.

சொந்த ஊர் மேலூர். இப்போது டென்வரில் வேலை. ஆபீஸ் நண்பர்கள் இருவருக்கு அக்டோபரில் எல்க் என்னும் பெரிய மானை வேட்டையாட அனுமதி கிடைத்திருக்கிறது. நான் சுடப் போவதில்லை. விலங்கு விழுந்தால் கறியைச் சுமந்து இறக்க வருகிறேன் என்று ஒப்புக்கொண்டேன். என்னிடம் 65 லிட்டர் மலையேற்றப் பை இருக்கிறது. அது போதுமா?
– ஒரு வாசகர், டென்வர்

போதாது தம்பி. அந்தப் பை துணிமணி, தூங்கும் பை, சாப்பாடு எல்லாம் சேர்த்து 15, 18 கிலோ தூக்கச் செய்தது. நீங்கள் தூக்கப்போவது வேறு கணக்கு.

பை தைக்கும் தொழிலையே நான் உங்கள் டென்வர் இருக்கும் கொலராடோவில் ஒரு பட்டறையில்தான் கற்றேன். இலையுதிர் காலம் வந்துவிட்டால் பட்டறையில் பாதிப் பேர் மலையில் இருப்பார்கள். அவர்களோடு நானும் போய்ச் சுமந்திருக்கிறேன். அந்த அனுபவத்தில் சொல்கிறேன்.

வளர்ந்த ஆண் எல்க் 300 கிலோவுக்குப் பக்கம் இருக்கும். எலும்பு நீக்கினாலும் 90 முதல் 110 கிலோ கறி தேறும். எலும்போடு ஒரு பின்தொடை மட்டும் 25 கிலோவுக்குக் குறையாது, 35 வரை போகும். ஒரே ஆள் சுமந்தால் நாலைந்து நடை ஆகும். மூன்று பேர் என்றால் ஆளுக்கு இரண்டு நடையில் முடிக்கலாம். முடியவில்லை என்று கொஞ்சத்தைக் காட்டிலேயே விட்டுவிட்டு வரவும் முடியாது. தின்னத் தகுந்த கறியை வீணாக்குவது அங்கே சட்டப்படி குற்றம். எனக்கு அந்தச் சட்டத்தின்மேல் பெரிய மரியாதை உண்டு.

கீழமாசி வீதியில் 50 கிலோ மூட்டையை முதுகில் ஏற்றிக்கொண்டு போகிறார்களே என்று தோன்றும். அவர்கள் போவது லாரியிலிருந்து கடைக்குள், சமதரையில், சில நிமிடம். உங்களுக்கு அது மணிக்கணக்கு. விழுந்து கிடக்கும் மரங்களைத் தாண்ட வேண்டும், சரிவில் இறங்க வேண்டும், அதுவும் 3,000 மீட்டர் உயரத்தில். கொடைக்கானலே 2,100 மீட்டர்தான். அத்தனை நேரம் தோள் மட்டும் சுமந்தால் சீக்கிரமே கை மரத்துப் போகும். எடை இடுப்பெலும்பில் உட்கார வேண்டும்.

அதனால் பையைப் பார்க்காதீர்கள், ஃபிரேமைப் பாருங்கள். எத்தனை லிட்டர், எத்தனை ஜிப், எத்தனை பாக்கெட் என்பதெல்லாம் அப்புறம். முதுகுப்புறம் மேலிருந்து கீழ்வரை வளையாத ஒரு சட்டம் வேண்டும். அது தோளுக்கு மேல் கொஞ்சம் நீட்டிக்கொண்டிருக்க வேண்டும். தோள் வாரிலிருந்து அந்த உச்சிக்குப் போகும் குட்டி நாடாவை லோடு லிஃப்டர் என்பார்கள். அது மேல்நோக்கிச் சாய்வாகப் போனால்தான் பாரத்தை முதுகோடு இழுத்துப் பிடிக்கும். சட்டம் குட்டையாக இருந்தால் அந்த நாடா படுத்துவிடும், இருந்தும் பயனில்லை. 1952-இல் கலிஃபோர்னியாவில் டிக் கெல்டி அலுமினியச் சட்டமும் இடுப்பு பெல்ட்டும் வைத்துப் பை விற்க ஆரம்பித்தார். துணியும் வடிவமும் எவ்வளவோ மாறிவிட்டன. இடுப்புக்கு எடையைக் கொண்டுபோவது என்கிற அடிப்படை மட்டும் மாறவில்லை.

இப்போது வேட்டைக்கென்றே வரும் பைகளில் சட்டத்தையும் பையையும் பிரிக்கலாம். நடுவில் ஒரு தட்டு மாதிரி இடம் விடும். கறியை அங்கே வைத்து, கீழே ஒரு மடிப்பால் தாங்கி, பக்கவாட்டு நாடாக்களால் இறுக்க வேண்டும். இதனால் கறி முதுகை ஒட்டி நிற்கும், உங்கள் துணிமணியில் ரத்தமும் படாது. கிஃபாரு, ஸ்டோன் கிளேசியர், எக்ஸோ, சீக் அவுட்சைட் எல்லாம் இந்த வகை. விலை பல நூறு டாலர் ஆகும். ஒரு தடவைக்காக அவ்வளவு போடாதீர்கள். நண்பர்களிடம் ஒன்று கூடுதலாக இருக்கும், அல்லது வாடகைக்குத் தேடுங்கள். பழைய அலுமினிய ஃபிரேம் பை செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும். பெல்ட்டும் பற்றவைப்பும் நன்றாக இருந்தால் அதுவே தாராளம்.

எந்தப் பையானாலும் காலியாக மாட்டிப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். காலிப் பை எல்லாருக்கும் சுகமாகத்தான் இருக்கும். தலையைக் குனிந்தால் பிடரியில் ஒரு எலும்பு துருத்தும். அங்கிருந்து இடுப்பெலும்பின் மேல்விளிம்பு வரை வீட்டில் யாரையாவது அளக்கச் சொல்லுங்கள். அதுதான் உங்கள் முதுகளவு, சட்டத்தை அதற்கேற்ப வையுங்கள். பிறகு 25 கிலோ அரிசியை ஏற்றுங்கள். தோள் வாரைத் தளர்த்திவிட்டு, பெல்ட்டை இடுப்பெலும்பை மூடினாற்போல் பக்கிள் போட்டு முதலில் அதை இறுக்குங்கள். இப்போது தோளுக்கும் வாருக்கும் நடுவில் உள்ளங்கை நுழைய வேண்டும், பையும் கீழே இறங்கக் கூடாது. வாரைக் கொஞ்சம் இழுங்கள், கடைசியில் லோடு லிஃப்டர். அப்படியே மாடிப்படி ஏறி இறங்குங்கள். அரைமணி நேரத்தில் பெல்ட் தொடைப் பக்கம் வழுக்குகிறதா? அந்தப் பை உங்களுக்கு ஆகாது. பிராண்டு பெயரைப் பார்த்து மனம் இளக வேண்டாம்.

கறியைக் கட்டுவதிலும் விஷயம் இருக்கிறது. எடை தோள்பட்டை எலும்புகளுக்கு நடுவில், முதுகை ஒட்டி நிற்க வேண்டும். அடியில் தொங்கினால் பின்னுக்கு இழுக்கும். எலும்போடு இருக்கும் தொடை விறைப்பாக நிற்கும், கட்டுவது சுலபம். எலும்பு எடுத்தால் எடை குறையும், கறியும் சீக்கிரம் ஆறும், ஆனால் மாவுப் பொதி மாதிரி கீழே சரிந்துகொண்டே வரும். நீங்கள் புதியவர், எலும்பு நீக்கியே எடுங்கள். கறியை ஒரே பெரிய பையில் திணிக்காமல் இரண்டு சின்னப் பைகளில் போட்டு ஒன்றன்மேல் ஒன்றாகக் கட்டினால் சரிவது பாதி குறையும். முதுகெலும்பையும் தலையையும் தூக்கி வர வேண்டாம். அந்தப் பக்கத்து மான்களுக்கு மூளையைத் தின்னும் ஒரு நோய் உண்டு, 1967-இல் கொலராடோவில்தான் முதலில் கண்டார்கள். எந்தப் பாகத்தை எடுக்கலாம், ஆணா பெண்ணா என்பதற்கு எந்த அடையாளத்தைக் கறியோடு விட வேண்டும் என்பதற்கெல்லாம் விதி உண்டு. நண்பர்கள் படித்திருப்பார்கள், நீங்களும் படித்துவிடுங்கள்.

முதல் நடையில் 25 கிலோவைத் தாண்டாதீர்கள். நண்பர்கள் 40 தூக்கினால் தூக்கட்டும். இரண்டு ஊன்றுகோல் கட்டாயம், இறக்கத்தில் முட்டியைக் காப்பது அதுதான். நம் பக்கத்துப் பழைய சாலையோரங்களில் சுமைதாங்கிக் கல் பார்த்திருப்பீர்கள். மலையில் இடுப்புயரப் பாறையும் விழுந்த மரமும்தான் சுமைதாங்கி. அங்கேயே இறக்கி வையுங்கள். தரையில் வைத்தால் திரும்ப எழும்போதுதான் முதுகு பிடிக்கும். வேறு வழியில்லாமல் தரையில் வைத்தால், பக்கத்தில் உட்கார்ந்து மாட்டி, முட்டிபோட்டு, கோலை ஊன்றி எழுங்கள்.

சுடாவிட்டாலும் ஒளிரும் ஆரஞ்சு உடுப்பு, தொப்பி போடுங்கள். துப்பாக்கி சீசனில் வேட்டைக்காரர்கள் ஒளிரும் ஆரஞ்சோ இளஞ்சிவப்போ போட வேண்டும் என்பது அங்கே சட்டம். கொம்பைச் சுமப்பவர் அதில் ஒரு ஆரஞ்சுத் துணியைச் சுற்றட்டும். மரங்களுக்கு நடுவே கொம்பு மட்டும் நகர்வதைப் பார்த்து யாரும் குறிவைத்துவிடக் கூடாது.

வண்டி நிற்கும் இடத்துக்கு மூன்று மைலுக்கு மேல் என்றால், குதிரை வைத்து இறக்கிக் கொடுப்பவர்களை முன்கூட்டியே பேசி வைக்கச் சொல்லுங்கள். சிறுமலையில் குதிரையில் வாழைத்தாரும் எலுமிச்சையும் இறக்கி வருவதைப் பார்த்து வளர்ந்தவன் நான். இரண்டு பக்கமும் எடை சமமாக இல்லாவிட்டால் குதிரை எவ்வளவு தவிக்கும் என்று தெரியும். உங்கள் முதுகுக்கும் அதே நியாயம்தான்.

எங்கள் குலதெய்வம் மலையடிவாரத்தில் இருக்கிறது. கிடா வெட்டி, பங்குக் கறியைப் பாலித்தீன் பையில் கட்டிக் கொண்டுவந்தால் வீடு சேர்வதற்குள் வாடை வந்துவிடுகிறது. என்ன பையில் கொண்டுவருவது?
– ஒரு வாசகி, வாடிப்பட்டி

அம்மா, வெட்டிய கறியில் உடல் சூடு அப்படியே இருக்கும். அதைப் பாலித்தீனில் கட்டினால் சூடும் ஈரமும் வெளியேற வழியில்லை. எல்க் கறிக்கு அங்கே காற்றுப் போகும் துணிப் பைதான் போடுகிறார்கள். பிளாஸ்டிக்கில் கட்டினால் கெட்டுவிடும் என்று அங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். நீங்கள் வெள்ளைக் காடாத்துணியில் பை தைத்து, துவைத்து வெயிலில் காயப்போட்டு வைத்துக்கொள்ளுங்கள். கறியைத் துண்டுபோட்டதும் நிழலில் அகலமான பாத்திரத்தில் பரப்பி, மெல்லிய துணியால் மூடி ஆறவிட்டு, பிறகு பையில் போடுங்கள்.

ஆனால் அக்டோபர் மாதக் கொலராடோ குளிர் நமக்கு இல்லை. துணிப் பை மட்டும் போதாது. வெயில் 32 டிகிரியைத் தாண்டினால் பச்சைக் கறியை ஒரு மணி நேரத்துக்கு மேல் குளிர்ச்சியில்லாமல் வைக்கக் கூடாது என்பது அமெரிக்க வேளாண் துறை சொல்லும் கணக்கு. நம் ஊர் சித்திரை வெயிலுக்கு அதுவே தாராளம். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் கட்டியைத் தனிப் பையில் கட்டிவைத்து, மேலே கறிப் பையை வையுங்கள். உருகிய தண்ணீரில் கறி ஊறக் கூடாது. தூரம் அதிகம் என்றால் அங்கேயே சமைத்துப் பந்தி வைத்துவிடுவதுதான் எனக்குப் பிடித்த வழி.

காட்டுப்பன்றி தோட்டத்தை அழிக்கிறது. அடித்தால் இறக்கி வர என்ன பை வாங்கலாம்?
– ஒரு வாசகர், நத்தம்

எந்தப் பையும் வேண்டாம். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி நீங்களாக வேட்டையாடுவதும் குற்றம், கறியை வைத்திருப்பதும் குற்றம். உங்கள் நஷ்டம் எனக்குப் புரிகிறது, சிறுமலையில் நாங்களும் பன்றியிடம் கிழங்கைப் பறிகொடுத்தவர்கள்தான். சேதத்தைப் போட்டோ எடுத்து, வனச்சரக அலுவலகத்தில் மனு கொடுங்கள். பயிர்ச் சேதத்துக்கு இழப்பீடு உண்டு.

நீங்கள் சொல்லும் ஃபிரேம் பையை மதுரையிலேயே தைத்துத் தர முடியுமா?
– ஒரு வாசகர், திருப்பரங்குன்றம்

பை, தோள் வார், இடுப்பு பெல்ட் மூன்றும் முடியும். பெல்ட்டுக்குள் வைக்கும் ஃபோம் கெட்டியாக இருக்க வேண்டும், சோபா ஸ்பாஞ்ச் போட்டால் ஒரே நடையில் அமுங்கிவிடும். நாடா சேரும் இடமெல்லாம் பார்டாக், அதாவது ஒரே இடத்தில் நெருக்கமாகப் போடும் பலமான தையல், அடிக்க வேண்டும், சாதாரணத் தையல் பிரியும். சட்டத்தை மட்டும் நான் செய்வதில்லை. பழைய அலுமினிய ஃபிரேம் ஏதாவது கிடைத்தால் எடுத்து வாருங்கள், உங்கள் முதுகை அளந்து மற்றதைத் தைத்துத் தருகிறேன். வரும்போது 20 கிலோ அரிசியும் கொண்டுவாருங்கள், ஏற்றிப் பார்க்காமல் கொடுக்க மாட்டேன்.