இடைநிலைப் புதைபடிவமே இல்லை என்கிற நண்பருக்கு என்ன பதில்?

மீனுக்கும் நிலவிலங்குக்கும் இடைப்பட்ட புதைபடிவம் ஒன்றுகூட இல்லை என்று நண்பர் அடித்துச் சொல்வதாக எழுதியிருந்தீர்கள். சரி, அவருக்கு டிக்டாலிக் என்ற புதைபடிவத்தைக் காட்டுங்கள். 2004-இல் கனடாவின் எல்ஸ்மியர் தீவில் கிடைத்தது. வயது சுமார் 37.5 கோடி ஆண்டுகள். செதிலும் செவுளும் மீனுக்குரியவை. ஆனால் கழுத்து இருக்கிறது, துடுப்புக்குள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் இருக்கின்றன. எனக்குப் பிடித்தது அது கிடைத்த விதம்தான்: எந்த வயதுப் பாறையில் இப்படியொன்று இருக்கவேண்டும் என்று முன்பே கணித்து, தொல்லுயிரியலாளர் நீல் ஷூபினின் குழு அங்கே போய்த் தேடியது. குருட்டு அதிர்ஷ்டம் இல்லை.

அப்புறம், அதை நம் நேரடி மூதாதை என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். போலந்தில் டிக்டாலிக்குக்கும் முந்தைய, சுமார் 39 கோடி ஆண்டுப் பழமையான, நாலுகால் விலங்கினுடையவை என்று கருதப்படும் தடங்கள் இருக்கின்றன. நண்பர் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்வார்.